பாறசாலை எல்லையில் சுட்ட கோழி: வெளியூரார் கடை கண்டறியும் முறைகள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நல்ல கோழிக்கடை எங்கே என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். உள்ளூர்க்காரரைக் கேட்டாலோ, அவர் தம் மச்சான் கடையைக் காட்டுகிறார். இவ்விரு பேருண்மைகளுக்கும் நடுவில் வெளியூரார் பசியோடு நிற்கிறார். இந்நிலையை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பானியர் இச்சிக்கலை ஓரளவு தீர்த்துவிட்டனர். யாக்கித்தோரி எனும் குச்சிக்கோழி விற்கும் கடைவாசலில் பெரும்பாலும் சிவப்புக் காகித விளக்கு தொங்கும். உள்ளே தொடை, ஈரல், தோல், குருத்தெலும்பு என்று கோழியைப் பாகப்பிரிவினை செய்து, மூங்கில் குச்சியில் கோத்து வாட்டுவார்கள். உயர்தரக் கடைகள் பலவும் வாகயாமா வட்டாரத்து ஓக் மரக்கரியான பின்ச்சோதானைப் பயன்படுத்தும். தோக்கியோவில் இத்தகைய கடைகள் மிஷெலின் நட்சத்திரமே பெற்றிருக்கின்றன.

கேரள எல்லையூரான பாறசாலையில் சிவப்பு விளக்கைத் தேடினால் ரயில்வே கேட்டில்தான் கிடைக்கும். ஆகவே யாக்கித்தோரிக்கு நெருங்கிய உறவினரான கனல்கோழியை, அதாவது வளைகுடா போய் வந்தவர்களோடு கேரளமெங்கும் பரவிய அல்ஃபாமை, ஆய்வுப்பொருளாகக் கொண்டோம். பொரித்த கோழி, பெரட்டிய கோழி ஆகியவை பங்காளிகள் என்ற முறையில் சேர்த்துக்கொள்ளப்பட்டன.

2. ஆய்வுக்களம்

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மொழியைப் பார்த்துக் கோடு போட்டவர்கள் பொரோட்டாவைப் பார்க்கவில்லை. விளைவாக, கேரளத்து இஞ்சிவிளையில் பசித்தவர் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் சாப்பிடலாம். தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும். மலையாளத்தில் கேட்டால் தமிழில் வரும். பில் மட்டும் எந்த மொழியிலும் வராது. கடைக்காரர் மனத்துக்குள்ளேயே கூட்டிச் சொல்லிவிடுவார்.

களத்தின் இன்னொரு பண்பும் குறிக்கத்தக்கது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பழம்பெரும் பலாமரம் இருக்கிறது. பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான மார்த்தாண்டவர்மர் எதிரிகளுக்குத் தப்பி அதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது ஐதீகம். மதிப்புள்ளது எதுவும் இவ்வட்டாரத்தில் சாலையோரமாக நிற்பதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

3. கோழியின் குடிபெயர்வு வரலாறு

களத்துக் கோழிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் வளர்ந்து கேரளத்தில் வீடுபேறு அடைபவை. ஒரு காலத்தில் கேரளம் கோழிக்கு 14.5 சதவீதம் வரி விதித்தது. தமிழ்நாட்டுப் பக்கம் விலை மலிவு; நடுவே அமரவிளைச் சோதனைச்சாவடி. ஆகவே சில கோழிகள் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, ரப்பர் தோட்டத்து ஊடுவழிகளில் இரவோடிரவாக எல்லை கடந்தன. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது; உயிர்க்கோழிக்கு வரி நீங்கியது. அப்போதைய கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் கிலோ 87 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்றார். வியாபாரிகள் கடையை அடைத்தார்கள்.

இவ்வரலாற்றிலிருந்து கிடைக்கும் அறிவியல் முடிவு ஒன்றுதான்: வரி கட்டி வந்த கோழியையும் கட்டாமல் வந்த கோழியையும் மசாலா ஒரே கண்ணோடுதான் பார்த்தது.

4. கருதுகோள்களும் அவற்றின் வீழ்ச்சியும்

அ) புகைக் கோட்பாடு. 'புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு' என்பது தர்க்க நூலோர் முடிபு. நெருப்புள்ள இடத்தில் கோழி உண்டு என்று அவர்கள் சொல்லவில்லை. இப்பகுதியில் புகையைப் பின்தொடர்ந்தவர் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ஷீட்டின் பதம் பற்றி அங்கே நிறையக் கற்கலாம், சாப்பிட முடியாது.

ஆ) பெயர்ப்பலகைக் கோட்பாடு. பலகையில் அரபுநாட்டு நகரங்கள் எத்தனை அதிகமோ, கோழி அத்தனை உலர்ந்திருக்கும். பலகையே இல்லாத தட்டுக்கடையைக் கோட்பாட்டாளர்கள் மெச்சுவார்கள். ஆனால் பலகை இல்லாத இடத்தில் பஞ்சர் கடையும் இருக்கக்கூடும்.

இ) ஆட்டோ ஓட்டுநர் கோட்பாடு. நெய்யாற்றின்கரை ஆலும்மூட்டில் கேட்டால் கிடைக்கும் விடை இது: "சாரே, நேரா போய் வலத்தோட்டு திரும்புங்க. கடை சின்னதாக்கும், ஆனா சாதனம் கொள்ளாம்." இதில் திசை உண்மை, தூரம் கற்பனை, 'நன்று' எனப் பொருள்படும் 'கொள்ளாம்' எந்தக் கோழிக்கும் பொருந்தும்.

ஈ) நாள்காட்டிக் கோட்பாடு. இதில்தான் சற்று வெளிச்சம் தெரிகிறது. விருச்சிகம் பிறந்தால் 41 நாள் மண்டல விரதம். சிலருக்கு கிறிஸ்துமஸுக்கு முன் 25 நோன்பு. ரமலானில் பகல் அடைப்பு, இரவுத் திறப்பு. மூன்று சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் இவ்வட்டாரத்தில் யாரோ ஒரு சாரார் எப்போதும் கோழியை மன்னித்துக்கொண்டே இருக்கிறார்கள். மண்டல காலத்திலும் பெஞ்சு காலியாகாத கடை, ஊர் முழுவதும் ஒப்புக்கொண்ட கடை.

5. கண்டறிந்தவை

நல்ல கடைக்கு நம்பத்தக்க அறிகுறி, கடைக்காரர் வாயிலிருந்து வரும் "தீர்ந்நு" என்ற அறிவிப்பே. சிரட்டைக் கரியின் கனல் அடங்கும் முன்பே சரக்கு தீர்ந்துபோகும் கடை நல்ல கடை. இரவு பதினொரு மணிக்கும் "எத்தனை வேணும் சாரே?" என்று வரவேற்கும் கடையில் அந்த அன்பை ஐயுற வேண்டும்.

இதில் ஒரு முரண் உண்டு. கடை நல்லது என்று நிரூபணமாகும் கணத்தில் அங்கே சாப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. சாப்பிடக் கிடைத்துவிட்டால் நிரூபணம் முழுமையடைவதில்லை. இம்முரணைத் தீர்க்க ஒரே வழி, மறுநாளும் அவ்வூரிலேயே தங்கி, மாலை ஆறரைக்கே போய் உட்காருவது. அப்படி உட்கார்ந்தவரை வெளியூரார் என்று கொள்ள இயலாது. அவரிடமே யாராவது வழி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

6. பரிந்துரை

இவ்வாய்வு இரு மாநிலங்களுக்கும் பொதுவானது என்பதால் செலவையும் பகிர்ந்துகொள்வதே முறை. கோழிக்கான தொகையைக் கேரளமும் பொரோட்டாவுக்கான தொகையைத் தமிழ்நாடும் ஏற்கலாம். சால்னா இலவசம், அதற்குத் தனி ஒப்பந்தம் தேவையில்லை.