ஓடாமல் எடுத்த நான்கு ரன்

இதை எழுதுகிறவர் படித்த முதல் ஆங்கில வினைச்சொற்களில் ஒன்று ‘ரன்’. ஆறாம் வகுப்பில் ரன், ரேன், ரன் என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்த சார், கரும்பலகையில் அதற்கு நேரே ‘ஓடு’ என்று எழுதிப்போட்டார். இவ்வளவு சாதுவான சொல் பின்னாளில் காலை வாரிவிடும் என்று யார் கண்டது?

வாரியது, முதல் நேர்முகத் தேர்வில். “ஹூ ரன்ஸ் யுவர் ஃபேமிலி?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர் ஒருவர். கேள்வியில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்ற தெம்பில், “தம்பி சார். மாவட்ட அளவில் 400 மீட்டரில் இரண்டாவதாக வந்திருக்கிறான்” என்றார் நம்மவர். வேலை கிடைக்கவில்லை. தம்பிக்கு மட்டும் இன்றுவரை பெருமை.

தப்பு முழுக்கத் தன்னுடையதல்ல என்பதற்கு 2011இல்தான் அவருக்கு ஆதாரம் கிடைத்தது. ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக ‘ரன்’னைத் திருத்தி முடித்தபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் தேறியது. இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிய அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பிள்ளையே பிறந்திருக்கும். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 430 பொருளோடு கொடிகட்டிப் பறந்தது ‘செட்’. அதை ரன் முந்தியதற்கு இயந்திரங்களைக் காரணம் சொல்கிறார்கள். ரயில் வந்தது, ஆலை வந்தது, கடைசியில் கம்ப்யூட்டரும் வந்தது. வந்ததெல்லாம் ஆங்கிலத்தில் ஓடத் தொடங்கியது.

இயந்திரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சளி பிடித்தால் அங்கே மூக்கு ஓடுகிறது. பால் தீர்ந்தால் அதுவும் ஓட்டம். பழைய நண்பரை வழியில் பார்த்துவிட்டால், அவருக்குள்ளேயே ஓடியாக வேண்டும். பரம்பரையில் சர்க்கரை நோய் ஓடும். நோயாளி மட்டும் விடியற்காலையில் நடப்பார்.

கிரிக்கெட்டை என்ன சொல்ல? பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் நான்கு ரன். மட்டையை ஊன்றிக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தவர் கணக்கில் நான்கு ஓட்டம் ஏறும். நிஜமாகவே மூச்சிரைக்க ஓடிய ஃபீல்டருக்கு ஒன்றும் கிடையாது.

சிரித்துவிட்டு நம் வீட்டைத் திரும்பிப் பார்த்தால், இங்கும் அதே கதைதான். சுவரில் மாட்டிய கடிகாரம் ஓடுகிறது. உத்தரத்தில் தொங்கும் ஃபேன் ஓடுகிறது. மாதவன் நடித்து 2002இல் வந்த ‘ரன்’ நன்றாக ஓடியது. பரீட்சைத் தாளைப் பார்த்ததும் ஒன்றுமே ஓடவில்லை. சம்பளம் வருகிறவரை எப்படியோ ஓட்டுகிறோம். நண்பனுக்குப் பெண் பார்த்த சேதி தெரிந்தால் அவனையும் ஓட்டுகிறோம். போதாததற்குக் கூரையில் ஓர் ஓடு, முட்டைக்கு ஓர் ஓடு, ‘அவனோடு’ என்றால் வாலில் ஓர் ஓடு.

இரண்டு மொழியும் பிரியும் இடங்களில்தான் சுவாரஸ்யம். பிரிட்டனில் நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர் ‘நிற்பார்’. அமெரிக்காவுக்குப் போனால் ‘ஓடுவார்’. நம்மவர்களும் நிற்கிறார்கள், வெள்ளைக்காரர் விட்டுப்போன பழக்கமோ என்னவோ. திறந்த ஜீப்பில் கைகூப்பி வருவதைப் பார்த்தால் சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது. துணி விஷயத்திலும் இப்படித்தான். சாயம் அவர்களுக்கு ஓடும், நமக்குப் போகும். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடைகளுக்குப் போன மெட்ராஸ் கட்டத் துணி, துவைத்ததும் சாயம் விட்டது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விற்றவர்களோ, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று அதையே விளம்பரமாக்கிவிட்டார்கள்! அதற்கு அவர்கள் பிடித்த சொல் ரன் அல்ல, ரத்தம் சிந்துகிற ‘ப்ளீட்’. அது தனி வம்பு.

காய்ச்சலும் ஆங்கிலத்தில் ஓடும். தமிழில் அடிக்கும்.

இந்த ‘அடி’யில்தான் நம்மவர் மறுபடி மாட்டினார். ஓட்டக்காரத் தம்பி இப்போது அமெரிக்காவில். லீவுக்கு வந்த அவர் மகள், “வெயில் அடிக்குது, வெளியே போகாதே” என்று பாட்டி சொன்னதும், “யாரை அடிக்குது பெரியப்பா?” என்று கேட்டாள். அன்றே ஒரு நோட்டுப் போட்டாள். ஃபோன் அடிப்பது, பெயிண்ட் அடிப்பது, விசில், காப்பி, பல்டி, வாசனை, அரட்டை என்று ஒரு வாரத்தில் முப்பது வரி சேர்ந்துவிட்டது.

முப்பத்தொன்றாவது வரியை வாசித்துவிட்டு, “மாமா நேத்து ராத்திரி தண்ணி அடிச்சார்னு அத்தை சொன்னாங்க. அப்படின்னா?” என்றாள்.

“கை பம்பில்மா” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் எழுந்து ஓடினார் பெரியப்பா.