அண்ணன், தங்கை, கருப்பு

தனித்தனியாக இருக்கும்வரை இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. அண்ணன் ஏதாவது ஒரு ஆபீஸில் கணக்குப் பார்ப்பார். தங்கை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துவாள். இரண்டு பேரும் ஒழுங்காக வரி கட்டுவார்கள், கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதுவார்கள், ரேஷன் கார்டில் பெயர் திருத்த அலைவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே வீட்டில், ஒரே டிவிக்கு முன்னால், ஒரே ரிமோட்டோடு உட்கார்ந்துவிட்டால் போச்சு. 'விடாது கருப்பு' ஓடத் தொடங்கிவிடும். ஓடும் என்றா சொன்னேன்? நிற்கத் தொடங்கிவிடும்.

இந்த ஜோடி உங்கள் வீட்டிலும் இருக்கும். 1997-98இல் சன் டிவியில் 'மர்ம தேசம்' வரிசையில் வாரம் ஒருமுறை வந்த தொடரைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், ராஜேஷ் வைத்யா இசை. இந்த நாலு பெயரையும் சொல்லிவிட்டுத்தான் முதல் பகுதியையே போடுவார்கள். "டைட்டிலில்தான் வருமே" என்று சொல்லிப் பாருங்கள், அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும்.

கதை தெரியாதவர்கள் இருந்தால் இரண்டே வரி. தோட்டக்காரமங்கலம் என்று ஒரு ஊர். அங்கே தப்புச் செய்தவனைக் கருப்புசாமி குதிரையில் வந்து தீர்த்துவிடுகிறது என்று ஊரே நம்புகிறது. சாமியா, ஆசாமியா என்பதுதான் தொடர். கடைசியில் பிளவுபட்ட மனம் என்று மருத்துவம் ஒரு பதில் சொல்லும். அந்தப் பதிலையும் மீறிக் கொஞ்சம் இருட்டை மிச்சம் வைத்திருப்பார்கள். அந்த மிச்ச இருட்டில்தான் என் மச்சான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறார்.

என் மச்சான் என்று எழுதிவிட்டேன். இந்த வகை அண்ணன்கள் என்று படித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ரிமோட். பாலிதீன் உறை போட்ட ரிமோட். நிறுத்தும் பொத்தான் இருக்கும் இடத்தில் மட்டும் உறை தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். ஒரு பகுதி இருபது நிமிஷம் சொச்சம். அதைப் பார்த்து முடிக்க இவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்ட வேண்டும். டைட்டில் முடிந்து ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். "நிறுத்துண்ணே!" என்பாள் தங்கை. நிற்கும். கதவைத் திறந்தவர் கண்ணை அரைவாசி மூடி, வாயைக் கால்வாசி திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பார். பாவம், நல்ல நடிகர். அந்தக் கோலத்தில் அவரை அரைமணி நேரம் பார்க்க வேண்டியிருக்கும்.

"கதவைப் பாத்தியா? உள்பக்கமாத் தொறக்குது."

"அப்ப?"

"போன தடவை வெளிப்பக்கமாத் தொறந்துச்சு."

"பாப்பா, அது வேற வீடு."

"வேற வீடுதான். அதான் சொல்றேன். வேற வீடு, வேற மனசு."

அண்ணன் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வரும் அத்தனை பகுதிகளிலும் கதவு கண்ட இடமெல்லாம் நிற்கும். கிராமத்துக் கதையில் எத்தனை கதவு வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கதவு முடிந்தால் கோழி. ஏதோ ஒரு காட்சியில் ஒரு கோழி குறுக்கே ஓடும். எந்தப் பகுதி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் போய் நிறுத்திப் பார்ப்பீர்கள். கேமராவுக்கு முன்னால் கோழி வந்துவிட்டது, விரட்ட ஆள் இல்லை, ஓடிவிட்டது. ஒரு சாதாரண மனிதனுக்குத் தோன்றுவது இவ்வளவுதான். இந்த வகை அண்ணனுக்கு அது பலி. இடமிருந்து வலமாக ஓடினால் கேட்கப்பட்ட பலி, வலமிருந்து இடமாக ஓடினால் மறுக்கப்பட்ட பலி. தங்கை அதை ஏற்க மாட்டாள். அது சேவல் இல்லை, பெட்டை, ஆகவே பலிக்குரியது இல்லை, ஊரில் வாய் திறக்காமல் வாழும் பெண்களின் அடையாளம் என்பாள். சேவலா பெட்டையா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு சட்டகமாக நகர்த்துவார்கள். கோழி ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும். கொண்டை இருக்கிறதா என்று அண்ணன் எழுந்து டிவிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்ப்பார். அடுக்களையில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்.

தங்கைக்குத் தனி இலாகா உண்டு: நிறம். பழைய டேப்பிலிருந்து யூடியூபுக்கு ஏறிய படம் லேசாகப் பச்சை பூத்துக் கிடக்கிறது. அவளுக்கு அந்தப் பச்சை ஊரின் அடிவயிற்றில் கிடக்கும் விஷம். டேப் பழசு என்று நான் மெல்லச் சொன்னேன். "டேப் பழசாகும்னு நாகாவுக்குத் தெரியாதா?" என்றாள். இதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

குறுக்கே பேச நமக்கு உரிமையும் கிடையாது. எங்கள் ஊருக்கு அப்போது கேபிள் வரவில்லை. தூர்தர்ஷனோடு நின்றுபோனவன் நான். பிற்பாடு பார்த்ததெல்லாம் செல்லாது. ஒருமுறை, சுவரில் தெரிந்த நிழல் மைக் கம்பின் நிழலாக இருக்கும் என்று சொன்னதற்கு, "மாப்ள, நீங்க மேலோட்டமா பாக்குறீங்க" என்று மச்சான் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபமாகச் சிரித்தார்.

மற்ற பழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'அந்நியன்' 2005இல் வந்தது, 'சந்திரமுகி'யும் 2005, பிளவுபட்ட மனசுப் படம் எல்லாவற்றுக்கும் முன்னோடி நம்ம கருப்புதான் என்பார் அண்ணன். 'மணிச்சித்திரத்தாழ்' 1993 ஆச்சே என்றால், "அது மலையாளம்" என்று வழக்கை முடித்துவிடுவார். சேத்தனும் தேவதர்ஷினியும் இந்தத் தொடரில் சேர்ந்து நடித்து நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டதைத் தங்கை தன் வீட்டு விசேஷம் போலச் சொல்வாள். அதே 'மர்ம தேசம்' வரிசையில் வந்த 'ரகசியம்' ஒசத்தியா, 'விடாது கருப்பு' ஒசத்தியா என்று வருஷத்துக்கு ஒருமுறை சண்டை வரும். இரண்டு நாள் போன் இருக்காது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இவர்கள் தோண்டுவது எல்லாமே கோழி இல்லை. அந்தத் தொடர் நிகழ்காலத்தையும் பழைய காலத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும், இது அப்போது, அது இப்போது என்று அறிவிப்புப் பலகை வைக்காமல். அந்த வயதில் எதிர்வீட்டுக்காரர்கள் குழம்பிப்போய் சேனலை மாற்றியபோது, இந்த இரண்டு பொடிசுகளும் கோடு போட்ட நோட்டில் இரண்டு பத்தி பிரித்து எழுதி, யார் சின்ன வயதில் யார் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அண்ணன் எழுத்தில் 'சந்தேகம்', தங்கை எழுத்தில் 'அம்மாவிடம் கேட்கவும்'. அம்மா என்ன சொன்னாள் என்று மட்டும் அதில் இல்லை.

அழகர்கோவிலை வைத்து மச்சான் சொன்ன ஒரு விளக்கமும் உண்டு. அங்கே பதினெட்டாம்படிக் கருப்பருக்குச் சாத்திய கதவுக்குத்தான் சந்தனம் பூசிப் பூஜை. தீராத வழக்குக்காரர்கள் அந்தப் படியில் வந்து சத்தியம் செய்வார்கள். சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்படும் முன் நகைக் கணக்கைக் கருப்பர் சந்நிதியில் வாசிப்பார்கள். "கணக்கு கேக்குற சாமி மாப்ள இது. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போக முடியாதவன் கணக்கை எங்க கொண்டுபோய் வப்பான்? அதான் கருப்பு. ஊர் அதைக் காட்டிக் கொடுக்காம இருக்குறதும் அதுனாலதான்" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். அசல் பேச்சு. அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. அடுத்த நிமிஷம் குதிரை ஏன் வெள்ளை என்று ஆரம்பித்தார்.

மின்வெட்டால் விட்டுப்போன ஒரு பகுதி இவர்கள் வாழ்க்கையில் உண்டு. அந்த ஒன்றில்தான் எல்லாச் சாவியும் இருந்தது என்று பல வருஷம் நம்பினார்கள். என்ன நடந்திருக்கும் என்பதற்கு அண்ணனிடம் ஒரு கொள்கை, தங்கையிடம் ஒன்று. யூடியூபில் அது கிடைத்த அன்று எங்கள் வீட்டில் கேசரி. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். அண்ணன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுமே நடக்கல பாத்தியா பாப்பா?" என்றார். "ஆமாண்ணே" என்றாள். "வேணும்னேதான் வச்சிருக்கான்!" என்று கோரஸாகச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டார்கள்.

இதில் எனக்குப் புரியாத ஒன்று. கதை எழுதியவர் இவர்கள் ஊரான மதுரையிலேயே இருந்தார். டவுன் பஸ் ஏறினால் கதவு எதற்கு, குதிரை எதற்கு என்று நேரிலேயே கேட்டுவிட்டு வந்திருக்கலாம். இலக்கியக் கூட்டத்தில் இரண்டு வரிசை தள்ளிக்கூட உட்கார்ந்திருக்கிறார் மச்சான். கேட்கவில்லை. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, சும்மா எழுதினேன்" என்று அவர் சொல்லிவிட்டால்? அந்தப் பயம் கருப்பு மேல் இருந்த பயத்தைவிடப் பெரிது.

2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். செய்தி வந்த அன்று ராத்திரி மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். டிவியைப் போட்டார்கள். கதவு திறந்தது, கோழி ஓடியது, குதிரை வந்தது. ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா' நாவலின் பழைய பிரதியை என் மனைவி மடியில் வைத்திருந்தாள், பிரிக்கவில்லை. இவ்வளவு அழகான தொடரா இது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எழுந்து போகும்போது மச்சான், "நல்லா எழுதுனாரு மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஆனால் வருத்தம் இருக்கிறது. வகை, கிகை என்று மூடி மறைப்பதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இவர்களுடைய குலதெய்வமே கருப்புசாமி. மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் அரிவாளோடு நிற்கிறார். முன்னால் ஒரு குதிரை. வெள்ளையடித்துப் பல வருஷம் ஆகி, செங்கல் தெரிகிறது. முன்னங்கால் ஒன்று உடைந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பங்காளி ஒருவர் தை பிறந்ததும் தலைக்கட்டு வரிக்குப் போன் செய்வார். மச்சான் எடுக்க மாட்டார், ஆபீஸில் ஆடிட். என் மனைவி எடுப்பாள், "இந்தத் தடவை பரீட்சை வேலை சித்தப்பா, அடுத்த வருஷம் கண்டிப்பா" என்பாள். மாசி சிவராத்திரி வந்து போகும். குதிரை ஏன் வெள்ளை என்று அண்ணனும் தங்கையும் மூன்று மணி நேரம் பேசுவார்கள். அவர்கள் வீட்டுக் குதிரை வெள்ளையாக இல்லை என்பது பேச்சில் வராது.

என் மாமியாருக்கு எழுபத்தாறு. அவர்கள் பேசுவதைக் கதவோரம் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். போன மாதம், படம் நிற்கிற நேரம் பார்த்து, "ஏப்பா, நம்ம சாமிக்கு ஒரு பொங்கல் வச்சுட்டு வந்துருவோமா? எனக்குக் கால் இருக்கும்போதே" என்றார். "போவோம்மா, போவோம்" என்றார் மச்சான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அத்தை சொன்னதில் உள்ளர்த்தம் எதுவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது. வரும் மாசிக்கு வேன் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டேன். பொங்கல் சாமானை அத்தை பார்த்துக்கொள்வார். தலைக்கட்டு வரியும், குதிரைக்கால் கட்டக் கொத்தனார் கூலியும், பெயின்ட் செலவும் அண்ணன் தங்கை பொறுப்பு. தை முடிவதற்குள் பங்காளி கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆடிட், பரீட்சை என்று ஏதாவது கிளம்பினால், அந்த டிவிக்கு வரும் பிராட்பேண்ட் இணைப்பு என் பெயரில்தான் இருக்கிறது.