சென்னைக்கு மிக அருகில்

திண்டிவனம் சென்னையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 40தான். ஆனாலும் அந்தப் பக்கத்து மனை விளம்பரம் எதைப் பார்த்தாலும் ‘சென்னைக்கு மிக அருகில்!’ புதுச்சேரி என்ன பாவம் செய்ததோ. சதுர அடி விலையை ஏற்ற அந்தப் பெயர் உதவாது போலிருக்கிறது.

கிலோமீட்டர் என்ற பேச்சே இவற்றில் கிடையாது. எல்லாம் நிமிடக் கணக்கு. ‘கிளாம்பாக்கத்திலிருந்து 45 நிமிடம்.’ யார் ஓட்டி, எந்த நேரத்தில் என்றெல்லாம் கேட்கக் கூடாது. பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் சென்னை திரும்பும் இரவில் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டவே அந்த 45 போய்விடும். அதற்கு முன்பே ஆத்தூர் சாவடி வேறு.

கூடவே ஒரு வரைபடம். ஜி.எஸ்.டி. சாலை ஸ்கேல் வைத்து இழுத்த கோடாகப் போகும். விமான நிலையம், தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் எல்லாம் கட்டைவிரல் இடைவெளியில் வரிசைகட்டி நிற்கும். மனைப்பிரிவு மட்டும் மதுராந்தகம் ஏரியைவிடப் பெரிதாக, பச்சைப் பசேலென்று. மூலையில் பொடி எழுத்தில், ‘வரைபடம் அளவுகோலின்படி வரையப்பட்டதல்ல.’ அந்த விளம்பரத்திலேயே நம்பத்தகுந்த வாக்கியம் அதுதான்.

சைட் பார்க்க இலவச வேன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை, சாலை காலியாக இருக்கும் விடிகாலையில்தான் கிளம்பும். “இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?” என்றால், “சிங்கப்பெருமாள் கோவில் தாண்டினா அவ்வளவுதான் சார்” என்பார் ஏஜென்ட். தாண்டியதும், மத்தியானம் பிரியாணியா, மீல்ஸா என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.