புதிய பதிப்பைத் தவணை முறையில் வெளியிடுவது எப்படி?

உங்களிடம் ஒரு மேசை விளையாட்டு இருக்கிறது. ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன், ஒருவர் வாள்வீரன் என்று வேஷம் கட்டிப் பேசுவார்கள். ஆறாவது ஆள் டன்ஜன் மாஸ்டர் என்ற பட்டத்தோடு கதை, பூதங்கள், சட்டதிட்டம் அத்தனையையும் ஒற்றை ஆளாய்ச் சுமப்பார். ஆட்டம் நன்றாகத்தான் விற்றது. சிக்கல் என்னவென்றால், வாங்க வேண்டியவர்கள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். கெட்டி அட்டைப் புத்தகம் சீக்கிரத்தில் கிழியவும் மாட்டேன் என்கிறது. ஆகவே புதிய பதிப்பு போடுவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். வாழ்த்துகள்.

எழுதுவதையும் அச்சடிப்பதையும் யாரும் செய்துவிடலாம். எதை எந்த மாதம் வெளியிடுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. இதற்கு ஐம்பது ஆண்டுப் பாடம் தயாராக உள்ளது: அமெரிக்காவின் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதைப் பின்பற்றினாலே போதும்.

படி 1: பெட்டியை உடையுங்கள்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கிய முதல் பதிப்பு 1974இல் வந்தது. ஒரே பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். விதிகள் புரிந்துவிட்டால் அன்று மாலையே ஆடலாம். அனுபவமில்லாதவர்கள் செய்கிற காரியம் இது. நீங்கள் செய்யாதீர்கள். ஆட்டக்காரர்களுக்கு ஒன்று, டன்ஜன் மாஸ்டருக்கு ஒன்று, பூதங்களுக்கு ஒன்று என மூன்று தடிமனான புத்தகங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

யாராவது காரணம் கேட்டால் நியாயமான பதில்களே இருக்கின்றன. 2024 பதிப்பில் ஒவ்வொரு புத்தகமும் 49.99 டாலர், மூன்றையும் ஒரே நாளில் வாங்கச் சொன்னால் 150 டாலர் எடுத்து வைக்க வேண்டும். மாதங்களைத் தள்ளிப்போட்டால் வலி தெரியாது. எழுதுகிறவர்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். முதல் புத்தகம் அச்சகத்தில் இருக்கும்போதே மூன்றாவதைத் திருத்திக்கொண்டிருக்கலாம். கடைக்காரருக்கும் மூன்று முறை கூட்டம் வரும். இவை அத்தனையும் உண்மை. அதனால் முகம் சிவக்காமல் சொல்லலாம்.

படி 2: தலைகளை எண்ணுங்கள்

எந்தப் புத்தகத்தை முதலில் விடுவது என்று குழம்ப வேண்டாம். மேசையில் ஆட்டக்காரர்கள் ஐந்து பேர், டன்ஜன் மாஸ்டர் ஒருவர். கணக்கு முடிந்தது. 2000, 2014, 2024 என்று எந்த வரிசையைப் பார்த்தாலும் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்தான் முதலில் வந்திருக்கிறது. வேலை அதிகம் செய்கிற ஆறாவது ஆளின் புத்தகம் பின்னால் வரும். அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற கவலை வேண்டாம். அவர் போக மாட்டார். அப்படிப் போகிறவர் டன்ஜன் மாஸ்டர் ஆகியிருக்கவே மாட்டார்.

தலைகீழாகவும் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். ‘அட்வான்ஸ்ட்’ என்ற பட்டத்தோடு வந்த பதிப்பில் முதலில் வெளியானது மான்ஸ்டர் மேனுவல், 1977 டிசம்பரில். அந்தப் பூதங்களை எதிர்க்கப்போகிறவர்களின் விதிப்புத்தகம் 1978 ஜூனில் வந்தது. ஆனால் வாளை வீசினால் அது படுமா படாதா என்று தீர்மானிக்கும் அட்டவணைகள் அதில் இல்லை. அவை டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இருந்தன. அந்தக் கைடு வந்தது 1979 ஆகஸ்டில். கல்யாணப் பந்தியில் முதல் மாதம் இலை போட்டு, ஆறாம் மாதம் சோறு வைத்து, அடுத்த வருஷம் குழம்பு ஊற்றியதுபோல. ஆனாலும் யாரும் பந்தியை விட்டு எழுந்திருக்கவில்லை. பழைய பெட்டியின் அட்டவணைகளை வைத்து ஒப்பேற்றி ஆடிக்கொண்டே இருந்தார்கள். உங்கள் தொழிலின் அஸ்திவாரமே இந்த ஒப்பேற்றல்தான்.

படி 3: இடைவெளியை அளந்து விடுங்கள்

2000இல் மூன்றாம் பதிப்பு மாதத்துக்கு ஒன்றாக வந்தது: ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். முதல் புத்தகம் வெளியானது ஜென் கான் என்ற விளையாட்டுத் திருவிழாக் கூட்டத்தில், விலை 19.95 டாலர். வாசகர் மனசு குளிர்ந்த காலம் அது. குளிர்ந்த மனசை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதால் 2003 ஜூலையில் திருத்திய 3.5 பதிப்பு வந்தது. அதற்கும் மூன்று புத்தகங்கள்.

2014இல் இடைவெளி கொஞ்சம் நீண்டது: ஆகஸ்ட், செப்டம்பர் கடைசி, டிசம்பர். அடுத்த முறை இன்னும் நீண்டது: 2024 செப்டம்பர் 17இல் ஆட்டக்காரர் புத்தகம், நவம்பர் 12இல் டன்ஜன் மாஸ்டர் புத்தகம், 2025 பிப்ரவரி 18இல் பூதங்கள். கதாநாயகர்கள் புது பலத்தோடு ஐந்து மாதம் பத்து வருஷத்துப் பழைய பூதங்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். பாவம் பூதங்கள்.

படி 4: ‘புதிய பதிப்பு’ என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள்

ஐந்து மாதம் பழைய பூதங்களோடு ஆடச் சொல்ல வேண்டுமென்றால், பழையதும் புதியதும் பொருந்தும் என்று முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். 2024இல் இதைத்தான் செய்தார்கள். மூன்று புத்தகங்களும் புதிதாக எழுதப்பட்டவை, ஆனால் புதிய பதிப்பு அல்ல. பழைய சாகசக் கதைகள் எல்லாம் அப்படியே செல்லும் என்றார்கள். எங்கே பொருந்தவில்லையோ, அங்கே யார் பொருத்துவார்? ஆறாவது ஆள்தான். அவருக்குச் சம்பளம் கிடையாது. பொருத்தியது சரியில்லை என்றால் திட்டு மட்டும் உண்டு.

படி 5: பூதங்களுக்கு முன்னால் கதையை அனுப்புங்கள்

துணிச்சல்காரர்களுக்கான படி இது. 2014 ஆகஸ்டில் ஆட்டக்காரர் புத்தகத்தோடு கூடவே ‘ஹோர்ட் ஆஃப் த டிராகன் குவீன்’ என்ற சாகசப் புத்தகமும் கடைக்கு வந்தது. அதில் டிராகன் வழிபாட்டுக் கூட்டம் உண்டு, சண்டைகள் உண்டு. பூதங்களின் விவரம் அடங்கிய மான்ஸ்டர் மேனுவல் மட்டும் இன்னும் வெளியாகவில்லை. தேவையான பூதங்களை இணையத்தில் இலவச இணைப்பாகத் தந்து சமாளித்தார்கள். விதிகள் முழுதாக உறையாத நேரத்தில் எழுதப்பட்ட கதை என்பதால் சில சண்டைகள் தாறுமாறாகக் கடினமாக இருந்தன. முதல் அத்தியாயத்திலேயே ஆட்டக்காரர்கள் செத்து விழுந்ததை இன்றும் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் உங்கள் குறையைத் தன் வீரக்கதையாக மாற்றிக்கொள்வதைவிட மலிவான விளம்பரம் உண்டா?

படி 6: சிலரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவையுங்கள்

மூன்று புத்தகத்தையும் ஒரே நாளில் விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தாலும் தவணையைக் கைவிடத் தேவையில்லை. 2008 ஜூன் 6 அன்று நான்காம் பதிப்பின் மூன்று புத்தகங்களும் ஒன்றாக வந்தன. நேர்மையின் உச்சம் என்று நினைத்தவர்கள் புத்தகத்தைத் திறந்து, பழகிய பாத்திர வகைகளைத் தேடினார்கள். பார்பேரியன் எங்கே? பாடகன் எங்கே? ட்ரூயிட் எங்கே? எல்லோரும் 2009 மார்ச்சில், இரண்டாம் ஆட்டக்காரர் புத்தகத்தில் வந்து சேர்ந்தார்கள். மங்க் என்னும் துறவி வந்தது 2010இல், மூன்றாம் புத்தகத்தில். ஆட்டக்காரர் இனங்களில் ஒன்றாக இருந்துவந்த குள்ள நோம் இனத்தையோ முதல் வருஷம் பூதங்களின் புத்தகத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

போட்டி நிறுவனமான பைஸோவின் கதையும் பாருங்கள். 2019 ஆகஸ்ட் 1 அன்று பாத்ஃபைண்டர் என்ற தன் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, ஆட்டக்காரருக்கும் ஆட்டத்தை நடத்துபவருக்கும் சேர்த்து 640 பக்கத்தில் ஒரே விதிப்புத்தகம் கொடுத்தார்கள். பூதங்களின் புத்தகமும் அன்றே வந்தது. நல்ல பிள்ளைகள். ஆனால் 2023 நவம்பரில் அந்த விதிகளைத் திருத்தி மறுபடி போட்டபோது அவர்களுக்கும் ஞானம் வந்துவிட்டது. பூதங்கள் 2024 மார்ச்சுக்குப் போயின. பார்பேரியனும் மங்கும் அந்த ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். கம்பெனி மாறியும் இந்த இருவருக்கும் முதல் பந்தியில் இடம் கிடைக்கவில்லை.

படி 7: வரிசைக்குள் ஒரு வரிசை வையுங்கள்

வெளியீட்டு நாள் ஒன்றுதான் என்று யார் சொன்னது? 2024இல் ஆட்டக்காரர் புத்தகம் எல்லோருக்கும் செப்டம்பர் 17. தேர்ந்தெடுத்த விளையாட்டுக் கடைகளுக்கும், இணையத் தளத்தில் மேல்நிலைச் சந்தா கட்டியவர்களுக்கும் செப்டம்பர் 3. இரண்டு வாரம் முன்னால் படித்தவர், படிக்காதவரிடம் போய் உங்கள் சார்பில் பேசுவார். கடைகளுக்கென்று தனி அட்டையும் போட்டுவிட்டால், ஒரே புத்தகத்தை இருமுறை வாங்குகிறவரும் கிடைப்பார்.

படி 8: கடைசிப் புத்தகத்தைத் தாமதமாக்குங்கள்

2014இல் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு நவம்பர் 18இல் வருவதாக இருந்தது. டிசம்பர் 9இல் வந்தது. மூன்று வாரத் தாமதத்துக்கு யாரும் தெருவில் இறங்கிப் போராடவில்லை. ஏன் என்று யோசியுங்கள். அந்தக் கைடு இல்லாமலே நாலு மாதமாக ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தச் செய்தி மட்டும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கைகள்

ஒன்று: பூதங்களை உதிரித் தாளாக விற்காதீர்கள். 1989இல் இரண்டாம் பதிப்புக்காக இதையும் செய்தார்கள். வளையக் கோப்பில் கோத்துக்கொள்ளும் தாள்கள். புதிய தொகுப்பு வர வர அகர வரிசையில் நடுவே செருகிக்கொள்ளலாம் என்றார்கள். தாளின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பூதங்களை அச்சடித்ததில், முன்பக்கத்துப் பூதத்தை இடம் மாற்றினால் பின்பக்கத்துப் பூதம் வழிதவறியது. கடைசியில் 1993இல் பழையபடி கெட்டி அட்டைக்கே திரும்பினார்கள்.

இரண்டு: எதையும் இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள். 2014 ஜூலை 3 அன்று, முதல் புத்தகம் வருவதற்கு ஆறு வாரம் முன்பே, அடிப்படை விதிகளை இணையத்தில் சும்மா கொடுத்தார்கள். வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று நாலே வகைப் பாத்திரங்கள்; அதை வைத்தே ஜனங்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புது விதிகளின் பெரும்பகுதியையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக்கினார்கள். இப்படியே போனால் வாங்குகிறவர், ஆசைப்பட்டு மட்டுமே வாங்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, இந்த வழிகாட்டியைத் தெரியாமல் கையில் எடுத்துவிட்ட ஆட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியீட்டு அட்டவணை என்பது விற்பதற்காகப் போட்டது. ஆடுவதற்கு அது தேவையில்லை. 1978இல் வாள்வீச்சு அட்டவணைகள் இல்லாமலும், 2014இல் பூதங்கள் இல்லாமலும், 2024இல் பாதிப் புத்தகங்களோடும் ஆட்டம் நடந்ததற்கு ஒரே காரணம், மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து இல்லாததை இட்டுக்கட்டிய அந்த ஆறாவது ஆள். அவர் புத்தகம் பெரும்பாலும் பின்னால்தான் வரும், அதையும் அவரே காசு போட்டு வாங்குவார். அடுத்த முறை அதை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். ஐம்பது டாலர், ஐந்து பேர், தலைக்குப் பத்து.