ஐந்து வாட்டுக்காரர்

ஐந்து வாட்டுக்காரரை எவரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. பினாங்கு மாநிலத்துக் கெப்பாலா பத்தாஸின் ஏதேனும் ஓர் ஒட்டுக்கடையில், தே தாரிக் ஆறுவதற்குள், எதிரில் இருப்பவர் கேட்காமலேயே அவர் தம் ஐந்து வாட்டைப் பற்றிச் சொல்லி முடித்திருப்பார். உலகத்தார் தம்மிடமுள்ள பெரியதைப் பற்றிப் பெருமை பேசுவர். பெரிய வீடு, பெரிய கார், மகனுக்குக் கிடைத்த பெரிய வேலை என்று அது நீளும். ஐந்து வாட்டுக்காரரோ தம்மிடமுள்ள சிறியதைப் பற்றி மட்டுமே பெருமை பேசுவார், அதுவும் அது இன்னும் கொஞ்சம் சிறியதாக இருந்திருக்கலாமே என்ற ஏக்கத்தோடு. குளியலறை விளக்குக்குக்கூடப் போதாத மின்திறனில் தம் வானொலிச் சைகை தோக்கியோவை எட்டியது என்பதே அவருடைய வாழ்க்கைச் சாரம். “வெறும் அஞ்சு வாட்டுதாண்ணே” என்று அவர் சொல்லும்போது அந்த ‘வெறும்’ மீது விழும் அழுத்தத்தில் மட்டும் ஐம்பது வாட்டாவது செலவாகும்.

தம் இனத்துக்கு அவர் வழங்கும் பெயர் கியூ.ஆர்.பி. என்பதாகும். கப்பல்களும் கரை நிலையங்களும் தந்திக்குறிகளால் உரையாடுவதற்கென 1909ஆம் ஆண்டையொட்டிப் பிரிட்டனில் வகுக்கப்பட்ட மூன்றெழுத்துச் சுருக்கங்களின் வழிவந்த இது, ‘உமது அலைபரப்புத் திறனைக் குறைத்துக்கொள்ளும்’ என்று எதிர்நிலையத்தாரிடம் சொல்வதற்கு உரியது. கத்திப் பேசுகிறவரை அடக்கப் பிறந்த அந்த அதட்டலைப் பிற்கால அமெச்சூர் வானொலியாளர்கள், அதாவது ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி, அரசின் உரிமம் பெற்று, சொந்த நிலையத்திலிருந்து உலகத்தோடு பேசுகிறவர்கள், பட்டமாகவே சூடிக்கொண்டனர். தந்திக்குறியில் அனுப்பும்போது 5 வாட்டுக்கு மேற்படாத திறனோடு நிற்பதே இன்று அதற்கு வழங்கும் பொருள். கடையில் விற்கும் சாதாரண அமெச்சூர் கருவியின் திறன் 100 வாட் என்பதை நினைவிற்கொண்டால், ஐந்து வாட்டுக்காரரின் நோன்பு எத்தகையது என்பது விளங்கும். அந்த ஒப்பீட்டை வாசகர் நினைவிற்கொள்ளாவிடினும் கவலையில்லை, அவர் நினைவூட்டுவார்.

அவருடைய குணங்களில் தலையாயது வகுத்தல். ஒரு தொடர்பு கிட்டியதும் பிறர் மறுமுனையில் இருந்தவர் யார், என்ன பேசினார் என்று நினைவுகூர, இவர் தூரத்தை வாட்டால் வகுக்கத் தொடங்குவார். அமெரிக்காவைச் சார்ந்த குறைதிறன் வானொலிக் கழகம் ஒன்று, ஒரு வாட்டுக்கு 1,000 மைல் என்ற விகிதத்தை எட்டியவர்களுக்குச் சான்றிதழ் வழங்கிவருவதே இந்த நோய்க்குக் கிருமி. கெப்பாலா பத்தாஸிலிருந்து தோக்கியோ ஏறத்தாழ 5,200 கிலோமீட்டர், அதாவது 3,200 மைலுக்குச் சற்று மேல். ஐந்தால் வகுத்தால் வாட்டுக்கு 650 மைல் அளவிலேயே நிற்கும் என்பதால் சான்றிதழ் கிட்டாது. பிறர் இந்த நிலையில் தோக்கியோவைவிடத் தொலைவான ஊரைத் தேடுவர். ஐந்து வாட்டுக்காரர் தேடமாட்டார். தூரத்தைக் கூட்டுவதைவிட வகுக்கும் எண்ணைக் குறைப்பது எளிது என்ற பேருண்மையைக் கண்டுகொண்டு, கருவியை 3 வாட்டுக்கு இறக்கிவைத்து, அதே தோக்கியோவை, கூடுமானால் அதே மனிதரை, மறுபடியும் கூப்பிடுவார். போன வாரம் சிரமப்பட்டுக் கேட்ட அந்த ஜப்பானியர் இந்த வாரம் அதைவிடச் சிரமப்பட்டுக் கேட்க, இவருடைய விகிதம் 1,000ஐத் தாண்டிவிடும். முன்னேற்றம் என்பதற்கு இவர் கொள்ளும் பொருள் இதுவே.

வகுத்தல் ஒருமுறை பழகிவிட்டால் வானொலியோடு நிற்பதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறி முடித்தவர்கள் மூச்சு வாங்கியபடி சன்னிதியை நோக்கிக் கைகூப்ப, ஐந்து வாட்டுக்காரர் காலையில் தாம் உண்ட இட்லி இரண்டால் 513ஐ வகுத்து, இட்லி ஒன்றுக்கு 256 படிக்குச் சற்று மேல் என்று கண்டறிந்து, வரும் ஆண்டு ஒற்றை இட்லியோடு ஏறினால் விகிதம் இரட்டிக்கும் என்பதைப் பக்கத்தில் நிற்பவருக்கு விளக்குவார். பக்கத்தில் நிற்பவர் காவடி எடுத்தவராக இருந்தாலும் விளக்குவார். பட்டர்வொர்த்துக்குப் போய்வந்தால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதும், கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் மொய் வைத்த வெள்ளி ஒன்றுக்குக் குடும்பத்தில் எத்தனை பேர் பந்தியில் அமர்ந்தனர் என்பதும் தாமாகவே அவர் வாயில் வந்து விழும். மொய்க்கணக்கிலும் தூரத்தைக் கூட்டும் வழக்கம் இவருக்கு இல்லை என்பதை ஊரார் அறிவர்.

இந்தப் பெருமையின் அறிவியல் அடிப்படையை நோக்குவது தகும். 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள இடைவெளி இருபது மடங்கு என்றாலும், ஒலியையும் அலையையும் அளக்கும் டெசிபல் அளவையில் அது 13 மட்டுமே. ஏற்பிக் கருவியின் முகப்பில் சைகையின் வலிமையைக் காட்டும் முள் ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஒரு படி நகர்வது மரபாதலால், 100 வாட்டில் ஏழாம் படியில் நிற்கும் சைகை 5 வாட்டில் ஐந்தாம் படியை ஒட்டி நிற்கும், கேட்காமல் போய்விடாது. பூமியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உயரம்வரை பரந்துள்ள அயனி மண்டலம் சிற்றலைகளை வளைத்துத் திருப்பியனுப்புவதால் மலைகளும் கடல்களும் குறுக்கிடுவதில்லை. ஆகவே ஐந்து வாட்டுக்காரரின் சாதனை மந்திரமன்று. ஆனால் அது முழுக்க அவருடைய சாதனையுமன்று. ஏழு படிக்குப் பதிலாக ஐந்து படியில் வந்து சேரும் சைகையை, மின்னலின் கரகரப்புக்கும் பிற நிலையங்களின் கூச்சலுக்கும் இடையிலிருந்து பொறுக்கியெடுப்பது மறுமுனையில் இருப்பவரின் காது. இருபது மீட்டர் கோபுரம் நட்டவர் அவர். சுழலும் அலைவாங்கிக்குக் காசு கொட்டியவர் அவர். ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு மூச்சை அடக்கியவர் அவர். இவர் ஐந்து வாட் செலவழித்தார், புகழ் இவருக்கு.

அமெச்சூர்களின் மரபுப்படி, கேட்ட சைகைக்கு மூன்று எண்களால் மதிப்பெண் தரவேண்டும்: தெளிவுக்கு ஐந்துக்குள், வலிமைக்கு ஒன்பதுக்குள், தந்திக்குறியின் தொனிக்கு ஒன்பதுக்குள். 599 என்பது முழு மதிப்பெண். போட்டி நாள்களில் அவசரத்தின் பொருட்டு யாருக்கும் 599 என்றே அனுப்பிவிடும் வழக்கம் இருப்பதால், ‘உமக்கு 599, உமது அழைப்புக்குறியைத் தயவுசெய்து மூன்றாம் முறையாகச் சொல்லும்’ என்னும் வகையிலான செய்திகள் வானில் உலவுவதுண்டு. ஐந்து வாட்டுக்காரர் அச்செய்தியின் முற்பாதியைப் பதிவேட்டில் ஏற்றி, பிற்பாதியை அயனி மண்டலத்துக்கே விட்டுவிடுவார்.

கருவிகளைச் சொந்தக் கையால் கட்டுவது இவ்வினத்தின் மற்றொரு அறம். டக் டிமா என்னும் அமெரிக்கர் 1976இல் சூரை மீன் டின்னின் மீது ஓர் அலைபரப்பியைக் கட்டிக்காட்டியது முதல், உலகெங்கும் இவ்வினத்தார் டின்களை வேறு கண்ணால் நோக்கி வருகின்றனர். பினாங்கில் அந்தப் பார்வை மைலோ டின்களின் மீது விழுகிறது, மைலோ தீர்ந்துவிட்டதா என்று பாராமல். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் 2003இல் வெளியிட்ட பிட்எக்ஸ் என்னும் வடிவமைப்பு இவர்களுக்கு வேதம். குரலை அனுப்பவும் பெறவும் வல்ல முழுக் கருவியை, தெருக்கோடிக் கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களையும், தண்ணீர்க் குழாயின் வாஷரின் மீது சுற்றிய கம்பிச்சுருளையும் கொண்டே கட்டலாம் என்று அது மெய்ப்பித்தது. விலையுயர்ந்த உறுப்புகள் எட்டாத நாட்டில் பிறந்த அந்த எளிமையின் அழகை எவரும் மறுக்கவியலாது. ஐந்து வாட்டுக்காரர் வீட்டில் குழாய்கள் ஒழுகுவதையும் மறுக்கவியலாது. இண்டெல் நிறுவனம் 1972இல் ஆலை திறந்தது முதல் உலகத்துக்கே சில்லுகளைச் செய்தனுப்பும் பாயான் லெப்பாஸ், பினாங்குப் பாலத்துக்கு அப்பால் இருக்க, இவர் தம் உறுப்புகளுக்காக ஜார்ஜ் டவுனின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் செத்துப்போன வானொலிப் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருப்பார் என்பதோடு இதை விட்டுவிடலாம்.

இனி வருவது நகைச்சுவையன்று. ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, அலைநீளத்தின் பாதியளவான எளிய கம்பி அலைவாங்கி ஏறத்தாழ இருபது மீட்டர் நீளம் வேண்டும். தாமான் குடியிருப்பின் வரிசை வீடு ஒன்றின் அகலமோ ஆறு மீட்டரையே ஒட்டியது. ஆகவே ஐந்து வாட்டுக்காரரின் கம்பி தம் வீட்டு நீர்த்தொட்டியில் தொடங்கி, அடுத்த வீட்டுக் கூரையைக் கடந்து, அதற்கடுத்த வீட்டின் ரம்புத்தான் மரத்தில் முடியும். மரத்துக்குரியவர் காய் பறிக்கக் கழியை உயர்த்தும்போதெல்லாம் ஜன்னலில் ஒரு கவலை தோய்ந்த முகம் தோன்றும். இது பொறுத்துக்கொள்ளத் தக்கது. பொறுக்கமுடியாதது இரவுநேர வருகை. மலிவான எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசி சார்ஜர்களும் மின்சாரத்தைத் துரிதமாக வெட்டி வெட்டி மாற்றுவதால் அவற்றிலிருந்து வானொலி இரைச்சல் கசியும் என்பது உண்மை. அந்த இரைச்சலில் மெலிந்த சைகைகள் மூழ்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் அந்த உண்மையைக் கையில் ஏந்திக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு, சிறிய வானொலிப் பெட்டி ஒன்றை மோப்பநாய்போல் முன்னே நீட்டியபடி வீடுவீடாக வந்து, “அக்கா, அந்த வௌக்க மட்டும் ஒரு பத்து நிமிசம்” என்று கேட்பது எந்த உரிமத்தின் எந்த விதியில் உள்ளது என்று தெரியவில்லை. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் நேரம் அது. பத்து நிமிடம் ஒருநாளும் பத்து நிமிடமாக இருந்ததில்லை. ஐந்து வாட்டை இயக்குவதற்கு ஒரு தெருவில் அணைக்கப்படும் வாட்டுகளின் தொகையை அவர் ஒருமுறையாவது கூட்டிப் பார்த்ததுண்டா? வகுக்கத் தெரிந்தவருக்குக் கூட்டத் தெரியாமல் போகாது.

எனினும் நடுநிலை வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத், அந்தமானிலிருந்து உறவினர்களின் நலச்செய்திகளை வானொலி வழியே நிலப்பகுதிக்குச் சேர்ப்பித்தார். அதே அலை கெப்பாலா பத்தாஸுக்கு வடமேற்கே மூடா ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள கோத்தா கோலா மூடாவின் மீனவர் வீடுகளையும் படகுகளையும் சிதைத்தது. அத்தகைய நாளில் மின்கம்பமும் கைப்பேசிக் கோபுரமும் சாய்ந்தபின், மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்றைக்கொண்டு இரவு முழுதும் பேசக்கூடிய கருவியும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு பழுதுபார்க்கக்கூடிய கையும் ஒரு தெருவில் இருப்பது சிறிய செல்வமன்று. அந்த நாளில் செய்திக்காகக் காத்திருப்பவர் எவரும் வாட்டுக் கணக்குக் கேட்கமாட்டார் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

அவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மேலான செய்தி வேறொன்று உண்டு. புதிதாக உரிமம் பெற்ற ஒரு பள்ளிப் பையன், கோணல்மாணலாகப் பற்றவைத்த முதற்கருவியிலிருந்து, இரைச்சலின் அடியாழத்தில், தடுமாறித் தடுமாறித் தன் அழைப்புக்குறியைத் தட்டும் இரவு ஒன்று அவ்வப்போது வரும். அந்த வேளையில் ஐந்து வாட்டுக்காரர் வேறு மனிதர். தொடையிலும் முதுகிலும் வேர்வை வழிய, அலையியற்றி காற்றில் குளிர்ந்து அதிர்வெண் நகர்ந்துவிடக்கூடாதே என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, அரைமணி நேரம், முக்கால் மணி நேரம், ஓரெழுத்து ஓரெழுத்தாக அந்தப் பையனைக் கேட்டு முடிப்பார். தவறிய எழுத்தைச் சலிப்பின்றித் திரும்பக் கேட்பார். பையனுக்கு 599 என்று பொய் சொல்லாமல், உண்மையான மதிப்பெண்ணையும் அதை உயர்த்தும் வழியையும் சொல்வார். உலகின் வேறு மூலைகளில் தமக்காக எத்தனையோ பேர் செய்ததை அவர் அன்று ஒருவனுக்குச் செய்கிறார், கணக்கு எழுதாமல்.

கடைசியில், மரபின்படி, அவன் எத்தனை வாட்டில் பேசுகிறான் என்று கேட்பார். அரை வாட் என்று பதில் வரும். நெடுநேரம் அமைதி நிலவும். மறுநாள் மாலை அவர் தம் கருவியைக் கால் வாட்டுக்கு இறக்கிவிட்டு, பெட்டியை முன்னே நீட்டியபடி, விளக்கை அணைக்கச் சொல்ல வாசலில் வந்து நிற்பார்.