அம்பாசிடரின் சக்கர ஒலிகள்: ஃபேர்லேண்ட்ஸ் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மனித உடம்பின் எந்த மூட்டில் சத்தம் கேட்டாலும், நடந்துபோகிற தூரத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடலாம். ஆஸ்பத்திரி, லேப், மருந்துக்கடை எதற்கும் அங்கே பஞ்சமில்லை. அதே தெருவில் நிற்கும் 1978ஆம் வருடத்து அம்பாசிடர் மார்க் 3-இன் முன்சக்கரம் ‘நற நற’ என்றால் மட்டும் இன்றைக்கும் காதுதான் கருவி. இந்த ஏற்றத்தாழ்வை அறிவுலகம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வு எல்லை

மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1950களின் கடைசியில் பிறந்து, 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் ஒன்றே ஆய்வுப் பொருள். ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் அதன் பூர்விகம். மார்க் 3-க்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பின்னால் பட்டை ஸ்பிரிங். 50 வயதைத் தாண்டிய வண்டிக்கே ‘விண்டேஜ்’ பதிவு என்கின்றன 2021ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள். நம் வண்டிக்கு இன்னும் அந்த வயது வரவில்லை; ஆகவே சட்டப்படி அது வெறும் பழைய கார். எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சீட்டில் அமரும் மாமனார் ஆகிய மூன்றும் எழுப்பும் ஒலிகள் விரிவஞ்சி விடப்பட்டன.

கருதுகோள்கள்

ஒன்று: ஒரு சத்தத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வோர் தொகை கூடக் கூட, அதன் காரணம் பதுங்கிக்கொள்ளும். இரண்டு: சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் ரசிகர், எப்போது வருகிறது என்று கேட்பவரே மெக்கானிக்.

முன்னோர் ஆய்வு

இத்துறையின் ஆதி நோயாளி இங்கிலாந்தில் இருந்தார். ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். உலோகத்தின்மேல் உலோகம் உரசியதில் எழுந்த அலறல் தாங்க முடியாததாக இருந்தது. 1907 வாக்கில் ஹெர்பர்ட் ஃப்ரூட் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங்கைக் கொண்டுவந்து அதை அடக்கினார். அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன் என்பது பிற்பாடு தெளிவானது. பழைய வண்டியின் டிரம்மைக் கழற்றினால் தூளை வாயால் ஊதாமல், ஏர் அடிக்காமல், ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பது அதிலிருந்து வந்த பாடம்.

உள்ளூர் அறிஞர்களை மூன்று கட்சியாகப் பிரிக்கலாம். காலையில் நடைபயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பெரும்பாலும் பேரிங் கட்சி. நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் மச்சான்மார் லைனிங் கட்சி. எதையும் லாரிக் கணக்கில்தான் பார்ப்பார்கள். “மாப்ள, தொப்பூர் எறக்கத்துல லோடு லாரியே நிக்குது, உன் வண்டி நிக்காதா? லைனிங்க மாத்திப் போட்டுட்டுப் போவியா” என்பது அவர்களின் சித்தாந்தம். மூன்றாவது, விற்றுவிடு கட்சி. இது வீட்டுக்குள் இயங்குவது. ஒவ்வொரு பில்லுக்குப் பிறகும் பலம் கூடுவது.

ஆய்வு முறை

அழகாபுரம் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றே களம். கார்க்காரர்கள் அங்கே வந்து வாயாலேயே சக்கரம் ஓட்டிக் காட்டுகிறார்கள். கன்னத்தை உப்பி ‘ஙொய்ங்’ என்கிறார் ஒருவர். பல்லைக் கடித்து ‘கிரீச்’ என்கிறார் இன்னொருவர். மெக்கானிக் அண்ணன் ரசித்துக் கேட்டு முடித்துவிட்டு நாலே கேள்வி போடுகிறார்: “பிரேக் மிதிச்சா வருதுங்களா, மிதிக்காமயே வருதுங்களா? நேராப் போறப்பவா, வளைக்கிறப்பவா? காலைல எடுத்ததுமா, ஓடிச் சூடானப்புறமா? எந்த ஸ்பீடுல நிக்குது?” இந்த நான்கே இவ்வாய்வின் அளவுகோல்.

வகைப்பாடு

இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருளில்லை என்று இலக்கணம் சொல்வது சக்கரத்துக்கும் பொருந்தும். ஒரே ஒரு ‘நற’ என்றால் அது மாநகராட்சி ரோடு. ‘நற நற’ என்றால்தான் வண்டி.

முதல் வகை, காலை ‘கிரீச்’. இரவுப் பனியில் இரும்பு டிரம்முக்குள் துருப்படலம் மெல்லிசாகப் படியும். காலையில் முதல் சில மிதிகளில் லைனிங் அதைச் சுரண்டி எடுக்கும்வரை ஓசை இருக்கும், பிறகு இராது. வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப் போவதற்குள் படலம் கரைந்துவிடுவதால், மெக்கானிக் ஏறி உட்கார்ந்ததும் வண்டி மௌனம் சாதிக்கும். மந்திரவாதம் ஒன்றுமில்லை. நாள் முழுக்கக் கிரீச்சிட்டால்தான் சங்கதி வேறு: லைனிங் கண்ணாடிபோல் வழவழத்திருக்கும், அல்லது லைனிங்கைத் தாங்கும் பிரேக் ஷூவின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பிடிப்பதும் வழுக்குவதுமாக நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஷூ அதிர்கிறது. அந்த அதிர்வைத் தெருவுக்குச் சொல்லும் வேலையை டிரம் பார்த்துக்கொள்கிறது.

இரண்டாம் வகை, மிதித்தால் மட்டும் வரும் ‘கர கர’. இதற்குத் தவணை கேட்கக் கூடாது. லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் வெளியே தலை நீட்டிவிட்டது. டிரம்மைக் கழற்றினால் பித்தளைப் புள்ளிகள் வரிசையாக மின்னும். எதிரே டிரம்மில் விழுந்த கோட்டில் நகத்தை வைத்தால் நகம் மாட்டும். நகம் மாட்டினால் லேத்துக்குக் கொடுத்துக் கடைய வேண்டும். லைனிங் மட்டும் மாற்றினால் அதே கோடு புதிய லைனிங்கையும் தின்னும்.

மூன்றாம் வகை, மிதிக்காமலே வந்து வேகத்தோடு ஏறும் ‘ஙொய்ங்’. வண்டி வலப்பக்கம் வளையும்போது பாரம் இடச்சக்கரத்துக்குப் போகும். அப்போது ஓசை கூடினால் இடது பேரிங்மேல்தான் முதல் சந்தேகம். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் அதற்கும் உள்ளே இருக்கும் மூட்டு. பேரிங் கட்சியார் இதைச் செய்து பார்த்ததாகத் தகவல் இல்லை.

நான்காம் வகை, ‘டிக் டிக்’. அம்பாசிடர் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஓடும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஐந்து டிக் வந்தால், சுற்றுக்கு ஒன்று என்று கணக்கு. டயர் இடுக்கில் சிக்கிய ஜல்லியைத் தேடலாம். அதே வேகத்தில் இருபதுக்கு மேல் வந்தால், சக்கரத்தைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கம் டார்ச் அடிக்க வேண்டும்.

கள ஆய்வு

ஐந்து ரோடு சந்திப்பில் பிரேக் மிதித்து நிறுத்தும்போது ‘டொக டொக’ என்று வந்த ஒலி மூன்று கட்சியையும் பிளந்தது. லைனிங் மாற்றியும் போகவில்லை. வேகமாக ஓடினால் ஓசையே கிடையாது. நான்காவது கேள்விக்கு இந்தப் பதில் கிடைத்ததும் அண்ணன் டிரம்மைத் தொடவே இல்லை. வீல் கப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். கிரீஸ் பூசிய வீல் நட்டு ஒன்று தரையில் உருண்டது. பஞ்சர் ஒட்டிய இடத்தில் கப்பைக் கவிழ்த்து அதில் நட்டுகளைப் போட்டு வைத்து, ஒன்றை மாட்ட மறந்திருக்கிறார்கள்.

பௌதிகம் எளிது. மையத்திலிருந்து 10 சென்டிமீட்டரில் கிடக்கும் நட்டை, வேகம் மணிக்கு 12 கி.மீ.க்கு மேல் போனதும் சுழற்சி கப்பின் விளிம்போடு அழுத்திவிடும். அதற்குக் கீழே இறங்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் உச்சியிலிருந்து விழும். பிரேக்குக்கும் அதற்கும் உறவில்லை. குறைந்த வேகத்தோடுதான் உறவு. சக்கரத்தில் ஒரு நட்டு குறைவு என்பதையே அது இத்தனை நாளாகத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது.

விதிவிலக்கு

ஒலி பற்றிய ஆய்வு ஒலியின்மையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் இறக்கம். வழியில் 20 கொண்டை ஊசி வளைவு. ஆளோடு 1,400 கிலோ எடையுள்ள வண்டியைப் பிரேக்காலேயே பிடித்து இறக்கினால், வெளிவரும் வெப்பம் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவைவிட்டு விலகும். பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கிரீச்சும் இல்லை, கரகரப்பும் இல்லை. கருகல் வாசனை வந்தால் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்கு, நியூட்ரலில் விடாதே என்ற லாரிக்காரர் சொல்லை இந்த ஓரிடத்தில் மூன்று கட்சியும் ஏற்கும்.

முடிவுரை

இரண்டு கருதுகோளும் மெய்ப்பட்டன. கார் வைத்திருப்போர் ஒரு நோட்டில் வேகம், மிதி, வளைவு, சூடு என்று நான்கு கட்டம் போட்டுக் குறித்துவந்தால், பாதி நோய் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே பிடிபடும். கருத்துகளுக்குக் கட்டம் வேண்டியதில்லை.

மேலாய்வுக்கு உரியன: டாஷ்போர்டின் முனகல்; நான்கு கதவுகளின் கூட்டிசை; வண்டியைப் பார்க்க ஆள் வரும் நாளில் மட்டும் எழும் புதிய ஒலி. கடைசித் தலைப்பில் முனைவர் பட்டம் பெற விரும்புவோர் ஆய்வுப் பொருளைச் சொந்தமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஓனர், ஆர்சி கையில், விலை நேரில்.