கடை மூடினாலும் கேம் இருக்குமா?

கேள்வி: காசு கொடுத்து ஸ்டீமில் வாங்கிய ஃபோர்ஸா ஹொரைசன் 4 இப்போது கடையிலேயே இல்லை. கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தால் கேம் போய்விடுமா?
– கல்லூரி மாணவர், பாலசமுத்திரம்

பதில்: போகாது தம்பி, தைரியமாகச் செய்யுங்கள். 2024 டிசம்பர் 15-ல் அதை விற்பனையிலிருந்துதான் எடுத்தார்கள். அதில் ஓடுவதெல்லாம் நிஜ கம்பெனிகளின் கார்கள், ரேடியோவில் வருவதும் நிஜப் பாட்டுகள். இரண்டுக்கும் உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அது முடிந்ததும் புதிதாக யாருக்கும் விற்க முடியாது. முன்பே வாங்கியவரின் லைப்ரரியில் கேம் அப்படியே இருக்கும், திரும்ப டவுன்லோடு செய்யலாம்.

ஆனால் அவ்வளவு பெரிய ஃபைலை மறுபடி முதலிலிருந்து இறக்குவானேன்? ஃபார்மேட்டுக்கு முன்பே ஸ்டீம் லைப்ரரியில் கேமின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் என்று போனால் பேக்கப் எடுக்கும் பட்டன் இருக்கும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். திரும்பப் போடும்போது உங்கள் ஸ்டீம் கணக்கு வேண்டும், பாஸ்வேர்டை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பிறகு ஏன் 'தி க்ரூ' வாங்கியவர்கள் மட்டும் கோர்ட்டு வரை போனார்கள்?
– பழனி வாசகர்

பதில்: அடிவாரத்தில் பஞ்சாமிர்த டப்பா வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். மறுநாள் கடை மூடிவிட்டது. பரவாயில்லை, டப்பா உங்களிடம் இருக்கிறது. ஃபோர்ஸா கதை அதுதான். தி க்ரூவில் கடைக்காரரே வீடு தேடி வந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யுபிசாஃப்ட் 2014-ல் வெளியிட்ட கார் ரேஸ் கேம் அது. தனியாக ஓட்டினாலும் கம்பெனியின் சர்வரோடு இணைந்திருந்தால்தான் ஓடும்படி கட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனை நின்றது. 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள். அடுத்த சில நாட்களில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே பிடுங்கினார்கள். ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கியது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பது சர்வரை என்றென்றைக்கும் ஓட்டச் சொல்லி அல்ல. மூடும்போது, வாங்கியவர் தன் கம்ப்யூட்டரில் தானே ஓட்டிக்கொள்ளும்படி விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான். நியாயமான கோரிக்கை. எதிர்ப்பு வலுத்த பிறகு, 2024 செப்டம்பரில், தி க்ரூ 2-க்கு நெட் இல்லாமல் ஓடும் வசதி தருவோம் என்று அதே யுபிசாஃப்ட் அறிவித்தது. இரண்டாம் பாகத்துக்கு முடிகிறது என்றால் முதல் பாகத்துக்கும் முயன்றிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

கேள்வி: டிஸ்க்காக வாங்கிவிட்டால் நிம்மதிதானே?
– கொடைக்கானல் வாசகி

பதில்: முழு கேமும் டிஸ்க்கிலேயே இருந்து, நெட் கேட்காமல் ஓடினால் நிம்மதி. தி க்ரூவும் டிஸ்க்கில் வந்த கேம்தான்! வாங்கும் முன் அட்டையில் 'இணையத் தொடர்பு அவசியம்' என்ற பொருளில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டரில் ஆடுபவர் என்றால் ஜிஓஜி கடையைப் பார்க்கலாம். அங்கே இன்ஸ்டாலர் ஃபைலையே கையில் கொடுத்துவிடுகிறார்கள், எந்தப் பூட்டும் கிடையாது.

கேள்வி: பப்ஜிக்குக் கொட்டிய காசு என்ன ஆனது?
– ஆயக்குடி வாசகர்

பதில்: 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு தடை செய்த 118 ஆப்களில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ல் சர்வரும் நின்றது. யூசி என்ற கேம் காசைக் கொடுத்து வாங்கிய சட்டை, துப்பாக்கிப் பெயின்ட் எல்லாம் அந்த சர்வரில்தான் இருந்தன. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி விட்டார்கள், பலருக்குப் பொருள் திரும்பக் கிடைத்தது. 2022 ஜூலையில் அதையும் ப்ளே ஸ்டோரிலிருந்து தூக்கினார்கள், 2023 மே மாதம் திரும்ப வந்தது. நடுவில் தவித்தது காசு கொடுத்த பிள்ளைகள்தான். தடை சரியா தவறா என்பது தனி வழக்கு. ஆனால் சேவை நிற்கும்போது செலவாகாத காசு வாங்கியவருக்குத் திரும்பவேண்டும் என்று ஒரு விதி வேண்டும். 2023 ஜனவரியில் ஸ்டேடியா என்ற தன் கேம் சேவையை மூடிய கூகுள், அங்கே வாங்கிய கேம்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மனம் இருந்தால் நடக்கும்.

நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தகுந்த காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. அதற்கான புகார் மாவட்ட ஆணையத்துக்கு அல்ல, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். பணம் கட்டிய ரசீது மெயிலை அழிக்காதீர்கள்.

கேள்வி: பழைய கேமைச் சேர்த்து வைக்க பையன் ஹார்ட் டிஸ்க் கேட்கிறான். இதெல்லாம் ஒரு செலவா?
– ஓர் அம்மா, நெய்க்காரப்பட்டி

பதில்: நல்ல செலவுதான் அம்மா, வாங்கிக் கொடுங்கள். 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. படம் வரைந்தவர், இசை போட்டவர், கதை எழுதியவர் என்று பலருடைய உழைப்பு அதில் இருக்கிறது. கம்பெனிகள் காப்பாற்றாததை உங்கள் பையன் காப்பாற்ற நினைக்கிறான். கேமோடு சேவ் ஃபைலையும் தனியாக காப்பி எடுக்கச் சொல்லுங்கள். எல்லா கேமும் அதை க்ளவுடில் வைப்பதில்லை. பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலோ ஆப்டேட்டாவிலோ இருக்கும், அவனுக்கே தெரிந்திருக்கும்.